கில்ட்டின் பின்பக்கம்

"அதெல்லாம் பின்னாடி கட்டமைச்சதுதானே" என்று சொல்லி ஒரு பேச்சை முடித்துவைக்கும் ஆளாக நானும் பல வருடம் இருந்திருக்கிறேன். நம் இணைய இலக்கியச் சூழலில் அது வசதியான ஆயுதம். எடை குறைவு, பயிற்சி தேவையில்லை. ஒரு சடங்கைப் பற்றியோ உடையைப் பற்றியோ யாராவது நெகிழ்ந்து பேசினால், அதற்கு ஒரு வருடத்தையும் ஒரு வெள்ளைக்காரர் பெயரையும் தேடி எடுத்து மேஜையில் வைத்தால் போதும். நெகிழ்ந்தவர் வாயடைத்துப் போவார், நாம் புத்திசாலி ஆகிவிடுவோம். இந்தக் கட்டுரை அந்தப் புத்திசாலித்தனத்துக்கு எதிரானது. ஒரு பழைய கில்ட்டை வாங்கியதில் ஆரம்பித்தது.

நான் எடின்பரோவில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பன் ஒருவனின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை பப்பில் உட்கார்ந்து, யார் யார் கில்ட் கட்டி வரப்போகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு வந்ததையும், வால்டர் ஸ்காட் அதற்காக நகரத்தையே டார்ட்டனில் போர்த்தியதையும் சொன்னேன். தங்களை ஸ்டுவர்ட் அரச வம்சம் என்று சொல்லிக்கொண்ட இரண்டு சகோதரர்கள், பழங்காலச் சுவடி என்ற பெயரில் 1842இல் ஒரு போலிப் புத்தகம் போட்டு, குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்று பங்கிட்டுக் கொடுத்ததைச் சொன்னேன். கடைசியாக, "குட்டை கில்ட்டைக் கண்டுபிடிச்சதே இங்கிலாந்துக்காரன்தான், லங்காஷயர்ல இரும்பு உருக்கினவன்" என்று முடித்தேன். நண்பன் "இருக்கலாம்" என்றான். எழுந்து அடுத்த சுற்று வாங்கப் போனான். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, லீத் பக்கம் ஒரு சாரிட்டி கடையில் அதைப் பார்த்தேன். கோட்டுகளுக்கு நடுவில், மூன்று தோல்வாரும் பக்கிளுமாக, கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 70 பவுண்டு. கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்தாலே கிட்டத்தட்ட அந்தக் காசு ஆகும். புதிதாக, கையால் தைத்தது வேண்டுமென்றால் 500, 600 பவுண்டு, அதற்கும் மேலே. கார்டன் டார்ட்டன்: கருநீலம், பச்சை, கறுப்பு, நடுவே மெல்லிய மஞ்சள் கோடு. முன்பக்கம் தட்டையாக, கட்டங்கள் அழகாக விரிந்திருந்தன. திருப்பினால் பின்பக்கம் வேறு துணி போல இருந்தது. கட்டமே இல்லை. மேலிருந்து கீழே நெருக்கமாக மஞ்சள் கோடுகள் மட்டும், ஜன்னல் கம்பி மாதிரி வரிசையாக நின்றன. கடையில் இருந்த பெரியவரும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தப்பா மடிச்சுத் தைச்சுட்டாங்க போல" என்றார். அதனால்தான் மலிவு என்று இருவரும் முடிவுகட்டினோம். வாங்கிவிட்டேன்.

ஊரில் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, "லுங்கி மாதிரியா?" இல்லை. சேலைக் கொசுவம் மாதிரியும் இல்லை. கொசுவம் ஒவ்வொரு நாளும் விரல் புதிதாக வைக்கிற மடிப்பு, சாயங்காலம் அவிழ்ந்துவிடும். கில்ட்டின் மடிப்பை ஒருவர் ஒரே முறை வைக்கிறார். இடுப்பிலிருந்து பிட்டத்தின் அகலமான இடம் வரை தைத்து மூடுகிறார். அதன்பின் ஐம்பது வருடம் ஆனாலும் அது அங்கேதான் இருக்கும். அந்த மடிப்பு எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட இரவில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது.

கணக்கு இதுதான். டார்ட்டனில் நிறப் பட்டைகள் ஒரு வரிசையில் வந்து, அந்த வரிசை மறுபடி மறுபடி வரும். ஒரு முழு வரிசைக்கு செட் என்று பெயர். செட் ஏழரை அங்குலம், ஒவ்வொரு மடிப்பிலும் வெளியே தெரியும் அகலம் முக்கால் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மடிப்புக்குச் சரியாக ஏழரை அங்குலத் துணியைச் செலவழித்தால், அடுத்த மடிப்பும் வரிசையின் அதே இடத்தில் வந்து நிற்கும். மஞ்சள் கோட்டில் ஆரம்பித்தால் எல்லா மடிப்பிலும் மஞ்சள் கோடுதான். இது கோட்டு மடிப்பு. அதற்குப் பதில் எட்டேகால் அங்குலம் செலவழித்தால், ஒவ்வொரு மடிப்பும் முந்தையதைவிட முக்கால் அங்குலம் தள்ளி நிற்கும். பத்து மடிப்பு முடிவதற்குள் முழு வரிசையும் வெளியே வந்துவிடும். உள்ளே கஜக்கணக்கில் துணி மடிந்து கிடந்தாலும், பின்பக்கம் மடிக்காத துணி போலவே கட்டம் கட்டமாகத் தெரியும். இது செட் மடிப்பு. கல்லூரியில் முதல் செமஸ்டரில் படித்த மாடுலோதான். வகுத்தால் மீதி பூஜ்யம் வந்தால் கோடு, மீதி முக்கால் வந்தால் செட்.

என் கில்ட்டில் 28 மடிப்பு. இந்த அளவுகளின்படி கோட்டு மடிப்புக்கு 210 அங்குலம், செட் மடிப்புக்கு 231 அங்குலம் வேண்டும். வித்தியாசம் 21 அங்குலம். பின்பக்கத்தின் மொத்த அகலமும் 28 முக்கால், அதாவது அதே 21. காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. முன்பக்கத் தட்டைகள் இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டு கஜம் சேர்த்தால், ஆண்கள் கில்ட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் 8 கஜத்தின் பக்கத்தில் வந்துவிடுகிறது. 8 கஜம் என்பது ஆடம்பரமோ வீம்போ இல்லை. கணக்கு கேட்கும் துணி.

ஆக, என் கில்ட்டை யாரும் தப்பாகத் தைக்கவில்லை. 28 முறை, ஒரு நூல் பிசகாமல், வேண்டுமென்றே தைத்திருக்கிறார்கள். 1822, 1842 எல்லாம் தலைகீழ்ப் பாடமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, கையில் இருந்த பொருள் சரியா தப்பா என்றே தெரியவில்லை.

இடுப்பு கொஞ்சம் தளர்வாக இருந்தது. செகண்ட்ஹேண்ட் கில்ட் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: இடுப்பை ஒன்றிரண்டு அங்குலம் பக்கிளை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். பிட்டத்தின் சுற்றளவைத் தொட முடியாது, அது தைத்த மடிப்பு. நீளத்தையும் சுலபத்தில் தொட முடியாது, ஏனென்றால் கில்ட்டின் அடியை யாரும் மடித்து அடிப்பதில்லை. தறியில் வந்த ஓரக்கரையே அதன் கீழ்விளிம்பு. முழங்கால் நடுவில் வந்து நின்றால் உங்கள் கில்ட், இல்லாவிட்டால் இன்னொருவர் கில்ட். என்னுடையது சரியாக நின்றது. பக்கிளை நகர்த்த யாரையாவது தெரியுமா என்று நண்பனிடம் கேட்டேன். "எங்கம்மா செய்வாங்க" என்றான். "இப்ப ரிப்பேர் மட்டும்தான். முன்னெல்லாம் முழுசாவே தைப்பாங்க."

பப்பில் அவன் ஏன் எழுந்து போனான் என்று அப்போதுதான் உறைத்தது.

ஃபோர்த் பாலத்தைத் தாண்டி ஃபைஃபில் ஒரு சின்னக் கடற்கரை ஊர். கதவைத் திறந்ததும் அந்த அம்மா கேட்டது: "வால்டர் ஸ்காட் ஆள் நீதானா?" மகன் சொல்லியிருக்கிறான். மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தேன். அவர் காதில் வாங்கவில்லை. கில்ட்டை வாங்கினார், என்ன டார்ட்டன் என்றுகூடப் பார்க்கவில்லை, உள்பக்கத்தைப் புரட்டினார். லைனிங்கின் ஒரு ஓரத்தைப் பிரித்து விரலை விட்டார். மடிப்புகளின் உள்ளே, இடுப்புப் பக்கம் தேவையில்லாத துணியை வெட்டி எடுத்திருந்தார்கள், இல்லாவிட்டால் இடுப்பில் மெத்தை கட்டியது போல ஆகிவிடும். வெட்டிய இடம் இழுபடாமல் இருக்கக் கான்வாஸ் வைத்துத் தைத்திருந்தார்கள். அதையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "கைத்தையல்தான். நல்ல கை" என்றார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் பிடித்தார்.

எனக்காக ஒரு மடிப்பில் விரலை வைத்துக் காட்டினார். கீழே முக்கால் அங்குலமாக இருக்கும் மடிப்பு, இடுப்பை நோக்கி ஏற ஏறச் சுருங்கி, மேலே அரை அங்குலத்தை ஒட்டி வந்துவிடும். உடம்பின் வளைவு அப்படி. சுருக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு எடுத்தால்தான் மஞ்சள் கோடு நடுவில் நேராக ஏறும். ஒரு பக்கம் ஒரு நூல் கூடினால் கோடு சாய்ந்துவிடும், பத்தடி தள்ளி நிற்பவனுக்கும் தெரியும். செட் மடிப்பில் வேறு தொந்தரவு: மேலே சுருங்கச் சுருங்கக் கட்டத்தின் எந்தப் பட்டையிலிருந்து எவ்வளவு திருடலாம் என்று மடிப்புக்கு மடிப்பு யோசிக்க வேண்டும். "எது கஷ்டம்?" என்று கேட்டேன். "அடுத்தவங்க தைச்சதைப் பிரிச்சுத் தைக்கிறது" என்றார். முழு கில்ட் ஒன்றைக் கையால் தைக்க அவருக்கு நான்கு நாள் ஆகுமாம். வேகமான வயதில்.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்குள் ஓடியதை இங்கே கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன்.

ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர், ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் தொகுத்து 1983இல் வெளிவந்த 'மரபின் கண்டுபிடிப்பு' நூலில் ஸ்காட்லாந்து மலைநாட்டு மரபைப் பற்றி எழுதிய கட்டுரைதான் நான் பப்பில் பாடிய பாட்டின் மூலம். நம்மில் பலர் அந்த நூலைப் படிக்காமலே அதன் தலைப்பைப் பயன்படுத்துகிறோம். நான் அந்த ஒரு கட்டுரையைப் படித்திருந்தேன், அதுவே எனக்கு மற்றவர்கள்மேல் ஏறி நிற்கப் போதுமானதாக இருந்தது. (அதே 1983இல் ஹிட்லரின் போலி நாட்குறிப்புகளைப் பார்த்து அசல் என்று முதலில் சான்று சொன்னவரும் இவரே. இது வாதம் ஆகாது, தெரியும். ஆனாலும் விட மனசில்லை.) குட்டை கில்ட்டுக்கு அவர் காட்டும் பிதாமகன் தாமஸ் ராலின்சன். 1720களின் கடைசியில் மலைநாட்டில் இரும்பு உருக்க வந்த லங்காஷயர் குவேக்கர். உடம்பு முழுதும் சுற்றிக்கட்டும் பெரிய போர்வை உடை வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கீழ்ப்பாதியைத் தனியாக்கினார் என்பது கதை. ஆதாரம், 1785இல் எடின்பரோ பத்திரிகை ஒன்றில் அச்சான ஒரு கடிதம். இதை மறுத்தும் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. ராலின்சன்தான் என்றே இருக்கட்டும். 1822ம் நாடகம்தான், 1842ம் மோசடிதான். ஒத்துக்கொள்கிறேன்.

சரி, அதற்கப்புறம்?

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு பழைய நிரலின் முதல் வரியை எந்த வருடம் யார் எழுதினார் என்று ஒரே கட்டளையில் பார்த்துவிடலாம். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "ஓ, இவனா, அப்ப இது குப்பைதான்" என்று சொல்லி எழுந்துபோகிறவனை நாங்கள் நல்ல பொறியாளன் என்று சொல்வதில்லை. அந்த நிரல் இன்று என்ன செய்கிறது, யார் யார் அதை எந்தப் பிரச்சினைக்காகத் திருத்தினார்கள், எங்கே தொட்டால் உடையும், இதெல்லாம் தெரிந்தவனுக்குத்தான் அதைப் பற்றிப் பேசத் தகுதி. ராலின்சன் துணியை இரண்டாக வெட்டினார் என்றால் வெட்டினார். துணியின் வரிசையையும் மடிப்பின் ஆழத்தையும் இணைத்த கணக்கை அவர் போடவில்லை. இடுப்பில் துணியை வெட்டி எடுத்துவிட்டுக் கான்வாஸ் வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது ஸ்காட் இல்லை. 1790களின் ராணுவ கில்ட்களில் சுமார் 4 கஜத் துணிதான், அகலமான பெட்டி மடிப்புகள், நம் பள்ளிச் சீருடைப் பாவாடை மாதிரி. பின்னர் வந்த நூறு வருடத்தில் துணி கூடிக்கூடி, நெருக்கமான கத்தி மடிப்பாக மாறியது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ஊசியோடு உட்கார்ந்து, இப்படி வைத்தால் விழுகிறதா என்று பார்த்திருக்கிறார். அவர்களுக்குப் பெயர் இல்லை, வருடம் இல்லை. அதனால் நம் ஆயுதத்துக்கு அவர்கள் சிக்குவதில்லை, நம் கண்ணுக்கும் படுவதில்லை.

இதில் எதிர்த்தரப்பு ஒன்றும் யோக்கியம் கிடையாது. எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் நடந்தால், உங்கள் குடும்பப் பெயரைச் சொன்னால் குலத்தையும் டார்ட்டனையும் எடுத்துக் கொடுக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடைக்காரர் என் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக் கணினியில் தட்டி, ரொம்ப நேரம் தேடிவிட்டு, யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்று ஒன்றை நீட்டினார். என் கார்டன் டார்ட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் வந்ததில்லை அது. 1793இல், கார்டன் பிரபு திரட்டிய படைக்காக ஹன்ட்லி ஊர் நெசவாளி வில்லியம் ஃபோர்சைத், அரசாங்கப் படையின் கரும்பச்சைத் துணியில் மஞ்சள் கோடு சேர்த்து மாதிரி காட்டியிருக்கிறார். ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று மூன்று மாதிரி. பிரபு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். குலப்பெருமைக்காரனுக்கு இது சங்கடம், கட்டுடைப்புக்காரனுக்குக் கொண்டாட்டம். ஆனால் கவனியுங்கள், இரண்டு பேரும் சண்டை போடுவது பெயரைப் பற்றி மட்டும்தான். டார்ட்டன்களைப் பதிவுசெய்ய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2008இல் சட்டமே போட்டு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் பெயர் இருக்கும், நிறம் இருக்கும், எந்த நிறத்தில் எத்தனை நூல் என்ற கணக்கு இருக்கும். அதை எப்படி மடிப்பது என்பது இருக்காது. பதிவேடு துணிக்கு. மடிப்பு கைக்குள் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு ஜாதி உண்டு. என் கில்ட்டைப் பார்த்த ஒருவர், "கோட்டு மடிப்பு ராணுவத்துக்கு உரியது, சிவிலியன் செட் மடிப்புதான் போடணும்" என்றார். அப்படி ஒரு சட்டம் எங்கும் கிடையாது. கார்டன் ஹைலாண்டர்ஸ் படை மஞ்சள் கோட்டுக்கு மடித்தது உண்மை. ஆர்கில் படைக்காரர்களோ பெட்டி மடிப்பு. ராணுவத்திலேயே ஒரே முறை இல்லாதபோது ராணுவ முறை என்று எதைச் சொல்வது? கார்டன் படை 1994இல் இன்னொரு படையோடு இணைக்கப்பட்டுப் பெயரையே இழந்தது. அந்த மஞ்சள் கோடுகளை இன்று தெருவில் யார் கட்டிக்கொண்டு போனால் என்ன?

பிரிட்டனின் ஹெரிடேஜ் கிராஃப்ட்ஸ் அமைப்பு அழிநிலையில் இருக்கும் கைவினைகளுக்குச் சிவப்புப் பட்டியல் வெளியிடுகிறது. கில்ட் தைப்பது அதில் இடம்பெற்றிருக்கிறது. கில்ட் அழியவில்லை, கவனிக்கவும். கல்யாணத்துக்குக் கல்யாணம் நிறைந்து வழிகிறது. தைக்கத் தெரிந்தவர்கள்தான் குறைகிறார்கள். சுற்றுலாக் கடைகளில் செயற்கை இழையில், மெஷினில் ஓட்டி, வரிசையைப் பொருத்தாமல் சமமாக மடித்துவிட்ட கில்ட்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வருகிறது. அந்த ஊர் கிரிக்கெட் மட்டையோடு ஸ்காட்லாந்து பைப்பையும் செய்து உலகத்துக்கு விற்கிற ஊர். இங்கே சிலர் உடனே "ஆசியச் சரக்கு" என்று மூக்கைச் சுளிப்பார்கள். சியால்கோட் கைகளுக்கு மாடுலோ தெரியாது என்று யார் சொன்னது? 8 கஜக் கம்பளியும் நான்கு நாள் கூலியும் கொடுத்தால் அங்கேயும் நேர்க்கோடு ஏறும். 40 பவுண்டுக்குப் படம் எடுத்துக்கொள்ள ஒரு பாவாடை போதும் என்று வாங்குகிறவன்தான் மடிப்பைக் கொல்கிறான். அவன் பக்கத்திலேயே நின்று, "எப்படியும் இதெல்லாம் போலிதானே" என்று சொல்லி அவன் மனசாட்சிக்குத் தைலம் தடவுகிறவன் நான்தான். நாம்தான். எல்லாமே போலி என்று ஆகிவிட்டால் நல்ல தையலுக்கும் கெட்ட தையலுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லையே. கட்டுடைப்பு என்று நாம் பெயர் வைத்திருக்கும் சோம்பேறித்தனம் கடைசியில் மலிவுக் கடைக்காரனுக்குத்தான் விளம்பரம் செய்கிறது.

பக்கிளை நகர்த்தி, பூச்சி அரித்த ஒரு பொட்டை அடைத்து, அந்த அம்மா 35 பவுண்டு வாங்கினார். பழைய பக்கிள் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் தெரிந்தன. இரண்டு வரிசை. எனக்கு முன் இரண்டு இடுப்பாவது அதற்குள் இருந்திருக்கிறது, அல்லது ஒரே இடுப்பு பெருத்திருக்கிறது. கொடுக்கும்போது, "28ல ஒரு மடிப்புல கோடு ரெண்டு நூல் தள்ளியிருக்கு" என்றார். எது என்று கேட்டேன். "நீ தேடு."

வீட்டில் கட்டிலில் விரித்துப் போட்டு, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தேடினேன். கிடைக்கவில்லை. கல்யாணத்தன்று தேவாலயத்தில் அவர் எனக்கு நேர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். எல்லோரும் எழுந்து நின்றபோது என் முதுகுக்குக் கீழே ஒரு விரல் மெல்லத் தட்டியது. "இதான்." திரும்பினால் மடிப்பும் கூடவே திரும்பிவிடுகிறது. இடது பக்கத்திலிருந்து எண்ணினால் பதினொன்று, அல்லது பன்னிரண்டு.